சொந்தக் கையால் செய்த ஸ்பீக்கர்

கடையில் ஸ்பீக்கர் வாங்குகிறவனுக்குக் காது இருப்பது மூக்குக்கண்ணாடியைத் தாங்குவதற்கு மட்டுமே. இந்தப் பேருண்மையைக் கண்டறிந்தவர் நில அளவை அலுவலகத்தின் தலைமை எழுத்தர். கண்டறிந்ததோடு நிற்காமல், மூன்றாண்டுகளாகத் தம் திருக்கரங்களாலேயே ஒரு ஸ்பீக்கர் செய்துவந்தார். படுக்கையறை 'ஒலி ஆய்வுக்கூடம்' ஆயிற்று. மனைவியும் மகளும் ஹாலுக்குக் குடிபெயர்ந்தார்கள். சாப்பாட்டில் மரத்தூள் விழுந்தால், "தேக்குதான், உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது" என்று தைரியம் சொன்னார்.

இந்த நேரம் பார்த்து மைத்துனர், கடையில் வாங்கிய புது ஸ்பீக்கருடன் வந்து இறங்கினார். அலுவலகத்தில் அலமாரியோடு கோப்புகள் காணாமல் போனபோதும் கலங்காத தலைமை எழுத்தர் அன்று கலங்கினார். உடனே 'ஒப்பீட்டுத் தேர்வு' அறிவிக்கப்பட்டது. விதிமுறைகளை அவரே எழுதினார்: ஹாலின் குறுக்கே போர்வை கட்டப்படும். இரண்டு ஸ்பீக்கரும் அதன் பின்னால் இருக்கும். எது பாடுகிறது என்று சொல்லாமல் மைத்துனர் ஒவ்வொன்றாகப் போடுவார். தீர்ப்பு காதால் மட்டுமே.

என்ன பாட்டு என்பதை மனைவி முடிவு செய்தாள். மறுநாள் மகளுக்கு ஒரு பாடகர் குழுவில் குரல் தேர்வு. அப்பா ஒரு தடவை கேட்டு, நன்றாயிருக்கிறது என்று சொன்னால்தான் போவேன் என்று ஒரு மாதமாக ஒற்றைக்காலில் நின்றாள். அவருக்கோ நேரமே இல்லை.

"பொண்ணு பாடினா கேக்க மாட்டீங்க. பெட்டி பாடினா கேப்பீங்கல்ல? அவ பாட்டைப் பதிவு பண்ணி வச்சிருக்கேன், அதையே போடுங்க" என்றாள் மனைவி. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மைத்துனரும் மகளும் போர்வைக்குப் பின்னால் போனார்கள். முதல் ஸ்பீக்கர் பாடியது. தலைமை எழுத்தர் கண்மூடி உருகினார்.

"கேட்டியா? இது என்னோடது. மூணு வருஷ உழைப்பு பேசுது பாரு" என்றார் மனைவியிடம்.

பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. போர்வைக்குப் பின்னால் ஏதோ குசுகுசுப்பு. ஒருவழியாக இரண்டாவது பாடியது.

"கடைச் சரக்கு" என்றார் உடனே. "குரல்ல உயிரே இல்ல. நடுநடுவுல மூச்சு வேற வாங்குது. இதை நாலு பேர் முன்னாடி வச்சா மானம் போயிடும்."

பாட்டு பாதியில் நின்றது. மைத்துனர் போர்வையை அவிழ்த்தார். அங்கே மகள் நின்றுகொண்டிருந்தாள்.

"மாமா, முதல்ல பாடினது என்னோட பெட்டி. உங்களோடது வாயே திறக்கல. நீங்க தலைகுனியக் கூடாதுன்னு அதுக்குப் பதிலா இவளே பாடினா" என்றார் மைத்துனர்.

மகளுக்கு அழுகை முட்டியது. "அப்போ நாளைக்கு நான் போக வேண்டாமாப்பா?"

அந்த இடத்தில் எந்தத் தகப்பனுக்கும் நெஞ்சு உடைந்திருக்கும். தலைமை எழுத்தருக்கும் உடைந்தது. ஸ்க்ரூடிரைவரோடு ஓடிப்போய்த் தன் ஸ்பீக்கரின் முதுகைத் திறந்து, உள்ளே தலையை நுழைத்தார்.

"என்னடா கண்ணு ஆச்சு உனக்கு? அப்பாகிட்ட சொல்லு" என்று கொஞ்சினார்.

தன்னைத்தான் கேட்கிறார் என்று மகள் கிட்டே போய் வாயெடுத்தாள்.

"நீ கொஞ்சம் சும்மா இரும்மா" என்றார் தலையை வெளியே எடுக்காமல். "இது ஏதாவது பேசுதான்னு கேட்டுக்கிட்டிருக்கேன்."