டிகிரிக்காரர்

டிகிரிக்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. பட்டம் வாங்கியவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நிலவறையில் ஜெர்மானிய பாணியில், குளிரில் நொதிக்கவைத்து, பீர் தயாரிப்பவர்கள். அமெரிக்காவில் எங்கள் மில்வாக்கி ஊரில் தெருவுக்கு இரண்டு பேர் தேறுவார்கள். பீர் ருசியாக வந்ததா என்று கேட்டால், "ஐம்பது டிகிரி" என்பார்கள். குடும்பம் சௌக்கியமா என்றாலும் பதில் அதேதான். எங்கள் ஊர்க் கணக்கு ஃபாரன்ஹீட்; ஐம்பது என்றால் நல்ல குளிர்.

கோர்டன் ஸாஸ்ட்ரோ இந்த இனத்தின் அசல் மாதிரி. ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். போன வருஷம் பீர் தயாரிப்போர் சங்கத்துப் போட்டியில் அவருடைய பீரை முகர்ந்த நடுவர், "வெண்ணெய் வாடை. சூட்டில் நொதித்ததோ?" என்று சீட்டில் எழுதிவிட்டார். வெண்ணெயையாவது கோர்டன் மன்னித்திருப்பார். அந்தக் கேள்விக்குறிதான் நெஞ்சில் கொக்கிபோல் மாட்டிக்கொண்டது.

இந்த வருஷம் பீர் பானைக்கு மேலே ஒரு வெப்பமானி, கீழே ஒன்று, அந்த இரண்டையும் வேவு பார்க்க மூன்றாவது. அரை டிகிரி ஏறினாலும் பீரை நொதிக்கவைக்கும் ஈஸ்ட் கோபித்துக்கொள்ளும் என்று நிலவறைக்கு வரும் சூடுகாற்றுக் குழாயை அடைத்து, அதுவும் போதாதென்று வீட்டு ஹீட்டரையே ஐம்பத்தெட்டுக்கு இறக்கினார், அதுவும் ஏரிக்காற்று ஊளையிடும் ஜனவரியில்! மனைவி மார்லிஸ் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக நின்று முட்டை பொரித்தார். ஈஸ்ட் சௌக்கியமாக இருந்தது.

சண்டையே வராதா? வரும். செவ்வாய்தோறும். அன்றுதான் மார்லிஸ் நிலவறையில் துணி உலர்த்தும் இயந்திரத்தை ஓடவிடுவார். கோர்டன் போட்டுவரும் வெப்பநிலை வரைபடத்தில் ஒரு மேடு எழும்.

"ஒரு டிகிரி ஏத்திட்டியே மார்லிஸ்! என் ஈஸ்ட்டு உனக்கு என்ன பண்ணிச்சு?"

"உள்ள காயறது உன் ஜட்டிதான் கோர்டி."

ஒரு சனிக்கிழமை மார்லிஸுக்குக் காய்ச்சல் கண்டது.

"உடம்பு கொதிக்குது கோர்டி. நூத்திரண்டு காட்டுது."

கோர்டன் பதறித்தான் போனார். "நூத்திரண்டா? அந்தத் தெர்மாமீட்டர் சரியாக் காட்டுதா?"

கீழே ஓடி தன்னுடையதை எடுத்துவந்து, இரண்டையும் ஒரே கோப்பை வெந்நீரில் விட்டு ஒப்பிட்டார். "ரெண்டும் ஒண்ணாத்தான் காட்டுது. உனக்கு நூத்திரண்டேதான்!" நிம்மதியாகக் கீழே இறங்கிப் போனார். அன்றிலிருந்து ராத்திரியும் பானை பக்கத்திலேயே படுக்கை.

அடுத்த புதன்கிழமை வரைபடத்தைப் பார்த்தவருக்கு நம்ப முடியவில்லை. செவ்வாய் மேட்டைக் காணோம்! இஸ்திரி போட்டாற்போல் கோடு நேராகக் கிடந்தது. கடைசியில் மார்லிஸுக்கும் புரிந்துவிட்டது என்று, நன்றி சொல்ல நிலவறைப் படி ஏறினார். சமையலறையில் யாருமில்லை. கட்டிலிலும் யாருமில்லை. போன் போட்டார்.

"எங்க இருக்க மார்லிஸ்?"

"ஷெபாய்கன்ல. அக்கா வீட்டுல."

"எப்பப் போன?"

"ஞாயித்துக்கிழமையே. படி மேல நின்னு கத்திச் சொன்னேன். நீதான் 'கதவைச் சாத்து, சூடு உள்ள வருது'ன்ன."

கோர்டனுக்கு வெட்கம் வந்தது, உண்மையாகவே வந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் தொண்டையைச் செருமினார்.

"காய்ச்சல் விட்டுச்சா?"

"விட்டுடுச்சு."

"அப்ப ஒண்ணும் அவசரமில்ல. பீர் ஆக இன்னும் பதினோரு நாள் இருக்கு, இருந்துட்டே வா."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

ஏப்ரலில் முதல் பரிசு கிடைத்தது. "குறையே இல்லை" என்று நடுவர் எழுதிய சீட்டை, இன்னும் ஷெபாய்கனிலேயே இருந்த மார்லிஸுக்குப் போனில் இரண்டு முறை படித்துக் காட்டினார்.

"சந்தோஷம் கோர்டி. இங்க வீட்டுக்குள்ள எழுபத்திரண்டு டிகிரி. வெறுங்கால்ல நடக்கறேன். நான் இங்கயே இருந்துடறேன்."

கோர்டன் பரிசு வாங்கிய பீரை ஒரு கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினார். ஒரு வாய் குடித்தார். நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல ஆளில்லாததால் கோப்பைக்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்தார்.

சிரிக்கிறீர்கள். பீர் வாடையே ஆகாது எனக்கு என்கிறீர்கள். ரொம்ப சரி. இன்று காலை கண் விழித்ததும் முதலில் எதைப் பார்த்தீர்கள்? நேற்று எத்தனை அடி நடந்தோம், எத்தனை மணி நேரம் தூங்கினோம், நம் படத்துக்கு எத்தனை பேர் விருப்பம் போட்டார்கள் என்றுதானே? பார்த்ததில் தப்பில்லை. கட்டிலின் அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா என்று எதற்கும் ஒருமுறை தடவிப் பார்த்துவிடுங்கள்.