தலைகீழாக நின்ற அளவுக் கம்பம்

ஏரியில் அந்தக் கம்பத்தைத் தலைகீழாக நட்ட மகராசனே, உன்னைத்தான் கேட்கிறேன். என் வீட்டுக் கட்டில் மிதக்கிறதே, பதில் சொல்லு!

எங்கள் குடியிருப்பின் நடுவே ஒரு செயற்கை ஏரி. விளம்பரத்தில் அதன் முழுப்பெயர், ‘நீடித்த நிலைத்தன்மை வாய்ந்த சமுதாய நீர்நிலை வசதி’. நான் பழைய இரும்பு வாங்கி விற்கிறவன். நாலு நாள் பேரம் பேசி மல்லுக்கட்டி, குடியிருப்பு மேனேஜரை நுரை தள்ள வைத்து, ஏரியை ஒட்டின தரைத்தள வீட்டை வாங்கினேன். ஏரி ஜன்னலுக்குக் கீழேயே இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தவனும் நான்தான். இப்போது ஜன்னலுக்கு உள்ளேயும் இருக்கிறது.

தண்ணீர் மட்டம் பார்க்க ஏரிக்குள் ஓர் இரும்புக் கம்பம். பூஜ்யம் கீழே, பத்து மேலே இருக்க வேண்டும். நீ நட்ட அழகில் பத்து கீழே போய்விட்டது. கோடையில் ஏரி வற்றிச் சேறாகக் கிடந்தபோது அளவெடுக்கும் அதிகாரி வந்தார். தலைகீழாக நின்ற எண்ணைக் கழுத்தை ஒடித்துப் படித்தார். “பத்தடி. முழுக் கொள்ளளவு. பாராட்டுக்குரியது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சான்றிதழ் வந்தது, சட்டம் போட்டு வாசலில் மாட்டினோம். படகு ஒன்று வாங்கிச் சேற்றில் நிறுத்தி, குடும்பம் குடும்பமாக ஏறிப் படம் எடுத்துக்கொண்டோம்.

பிறகு மழை. விடாமல் நாலு நாள். ஏரி கம்பத்தின் உச்சியைத் தொட்டது. அதிகாரி குடையோடு வந்து கழுத்தை ஒடித்தார். முகம் வெளுத்துவிட்டது.

“பூஜ்யம்! ஏரி சுத்தமா வறண்டுபோச்சே!”

“சார், உங்க முழங்கால் வரைக்கும் தண்ணி நிக்குது.”

“அது மழைத்தண்ணிங்க. நான் ஏரியப் பத்திப் பேசறேன்.”

அன்றைக்கே வறட்சி நிவாரண ஆணை வந்தது. எங்கள் குழாய்களை அடைத்து, அந்தத் தண்ணீரையும் ஏரிக்குத் திருப்பினார்கள். கூடவே பன்னிரண்டு லாரித் தண்ணீர். என் மனைவி காலிக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு மிதக்கும் கட்டில்மேல் சம்மணம் போட்டிருந்தாள்.

“வீடு பூரா தண்ணி, குடிக்க ஒரு வாய் இல்ல. பேரம் பேசுனீங்களே பேரம்!”

சுருக்கென்றது. கடப்பாரையை எடுத்தேன். இரும்பு என் தொழில். பிடுங்கித் திருப்பி நட அரைமணி நேரம் போதும். மேனேஜர் குறுக்கே வந்து நின்றார்.

“அண்ணே, தாராளமா திருப்புங்க. வர்ற கோடையில பூஜ்யம் காட்டும், சான்றிதழ் போயிடும். அப்புறம் உங்க வீட்ட எவன் வாங்குவான்?”

“நான் எங்கய்யா விக்கப் போறேன்?”

“இந்த நிலைமையிலுமா?”

கடப்பாரை கையோடு நின்றுவிட்டது.

மொட்டைமாடியில் அவசரக் கூட்டம் போட்டோம். கம்பம் இருந்தபடியே இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். மேல்மாடிக்காரர்கள் இரண்டு கையையும் தூக்கினார்கள். என் கை எங்கே என்று தேடினேன். அதுவும் மேலேதான் இருந்தது. மனைவி குடத்தால் முதுகில் ஓர் இடி இடித்தாள். அப்போதும் அது இறங்கவில்லை.

ஆகவே, தீர்மானத்துக்குக் கட்டுப்பட்ட நாங்கள் யாரும் கம்பத்தைத் தொடுவதற்கில்லை. நட்டவன் நீ. நீயே வந்து நிமிர்த்து! கடப்பாரையைப் படகில் வைத்திருக்கிறேன். நாங்கள் அத்தனை பேரும் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறோம். நாளைக்கே வந்து சேர்!

இல்லை, நாளன்றைக்கு வா. நாளைக்கு என் வீட்டைப் பார்க்க ஓர் ஆள் வருகிறார். ஏரி ஜன்னலை ஒட்டியே இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறாராம்.