விற்பனைக்கு: ரெண்டே சீட்டு

வண்டியை விற்றுவிடுவதாக மூக்குக்கண்ணாடிக்கடைக்காரர் சபதம் எடுத்தது பிரசவ வார்டில். பிறந்த சூடு ஆறாத மகளை நர்ஸ் அவர் கையில் வைத்ததும் மனிதருக்குத் தியாகம் பொங்கிவிட்டது.

"ஏம்மா, அந்த வண்டியை வித்துடறேன். நாலு கதவு வச்சதா ஒண்ணு வாங்கிக்கலாம்."

மனைவி அசந்துபோய்ப் படுத்திருந்தாள். "நான் கேட்டேனா?" என்றாள்.

"நீ வாயைத் திறந்து கேக்க மாட்டே. எனக்குத் தெரியாதா?"

அவர் கண் கலங்கியது. பெண் குழந்தை பிறந்த சந்தோஷம் என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள். மனிதர் அழுதது வண்டிக்காக.

இங்கிலாந்தில் அறுபது வருஷத்துக்கு முன்னால் செய்த ஸ்போர்ட்ஸ் கார் அது. கரும்பச்சை நிறம். நீள மூக்கு, குட்டை வால், மரத்தில் ஸ்டீயரிங், மடக்கிவிடக்கூடிய துணிக்கூரை. யாரோ கோழி அடைத்து வைத்திருந்ததை வாங்கிவந்து, வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, கல்யாணமான நாளிலிருந்து அதோடு மல்லுக்கட்டி உயிர் கொடுத்தார். மனைவி டார்ச் பிடித்தாள். மற்ற ஜோடிகள் சினிமாவுக்குப் போன சாயங்காலங்களில் இந்த ஜோடி இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றது.

"இங்கே காட்டு. அங்கே இல்லை, இங்கே. கையை ஆட்டாதேன்னா!"

"கொசு கடிக்குதுங்க."

"கடிக்கட்டும். லைட்டை ஆட்டாதே."

எல்லாம் முடிந்து, ஏரிக்கரைச் சாலையில் ஒரே ஒரு சவாரி. கூரையை மடக்கிவிட்டுப் போனார்கள். காற்றில் அவள் பின்னல் அவிழ்ந்து முகமெல்லாம் முடி. வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அதற்கு முன்னால் அவர் கேட்டதில்லை.

"நான் கொஞ்சம் ஓட்டிப் பாக்கட்டுமா?"

"ஐயோ, இதோட கிளட்ச் ரொம்ப நாசூக்கு. அதுக்குன்னு ஒரு கை வேணும்."

"கிளட்ச்சுக்குக் கால்தானே வேணும்?"

அவர் ஏரியில் நீந்திய வாத்தைக் காட்டிப் பேச்சை மாற்றினார். பிறகு மசக்கை வந்தது, குழந்தை வந்தது. தூங்கும் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பதிலேயே அவளுடைய பகலும் இரவும் போயின. தடுப்பூசிக்குப் போனதைத் தவிர அவள் கேட்டைத் தாண்டவில்லை.

அவரோ தினமும் கடையை மூடிவிட்டு நேரே ஷெட்டுக்குப் போவார். போர்வையை நீக்குவார். உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்மேல் இரண்டு கையையும் வைப்பார். ஸ்டார்ட் செய்ய மாட்டார். விற்கப்போகிற வண்டியின் சத்தத்தைக் கேட்கிற தெம்பு அவருக்கில்லை. தோலும் பெட்ரோலும் கலந்த அந்த வாசனையை மட்டும் மூச்சு முட்ட இழுத்துக்கொள்வார். சமையலறை ஜன்னலில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மனைவி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பாள். தன்னைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்து அவர் கையாட்டுவார்.

விற்க வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்ன சொல்லை எப்படி விழுங்குவது? எனவே பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். கூடவே ஒரு சதியும் செய்தார்.

இன்ஜினின் பக்கவாட்டில் ஒரு மூடி உண்டு. அதற்குள் கட்டைவிரல் அளவில் ஒரு துண்டு இருக்கும், ரோட்டார் என்று பெயர். அது இல்லையென்றால் வண்டி கனைக்கும், இருமும், கிளம்பாது. வாங்க ஆள் வருகிறது என்றால் அதைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

முதலில் ஒரு பல் டாக்டர் வந்தார். சாவியைத் திருகினார். வண்டி இருமியது.

"என்ன சார், கிளம்ப மாட்டேங்குது?"

"வயசாச்சு இல்லையா டாக்டர். தோணினா கிளம்பும்."

"ஆஸ்பத்திரிக்கு அவசரமாப் போகணும்னா?"

"நடந்து போயிடுங்க. அப்புறம், பாருங்க, ரெண்டே சீட்டு. குடும்பஸ்தனுக்கு ஆகவே ஆகாது!"

பல் டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். அடுத்து வந்த பில்டிங் கான்ட்ராக்டரும் அப்படியே போனார். "என்ன செய்யறதும்மா, ராசியில்லை" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்தார் கண்ணாடிக்கடைக்காரர். அம்மா இடுப்பிலிருந்து மகள் தாவி வந்து அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டாள். அந்தப் பை என்றால் அவளுக்கு உயிர். பேனாவோ சாவியோ, உருவி நேரே வாயில் வைப்பாள்.

அடுத்த வாரம் மனைவியே சொன்னாள். "நாளைக்குக் காலைல ஒரு அம்மா வர்றாங்க. நான்தான் போன் பண்ணி வரச்சொன்னேன்."

"நீயா?"

"உங்களுக்குத்தான் ராசியில்லையே."

காலையில் எழுந்ததும் ரோட்டார் அவர் பைக்கு மாறியது. மனைவி வந்தாள். "இவளைக் கொஞ்சம் பிடிங்க, தலை வாரிக்கறேன்." கொஞ்ச நேரத்தில், "கொடுங்க, பசியாத்தணும்" என்று வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். மறுபடியும் வந்து கொடுத்தாள். அவர் எதையும் யோசிக்கவில்லை.

வந்தவள் நரைத்த தலையும் தடித்த கண்ணாடியுமாக இருந்தாள். தன் கடையில் வாங்கிய பிரேம் இல்லை என்பதை மட்டும் அவர் கவனித்தார். வழக்கமான பாட்டை ஆரம்பித்தார்.

"முதல்லயே சொல்லிடறேன்மா, இது கிளம்பாது."

மனைவி ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். வண்டி ஒரே உறுமலில் கிளம்பியது.

கண்ணாடிக்கடைக்காரர் சட்டைப் பையைத் தடவினார். காலி. மகள் அவரைப் பார்த்துப் பொக்கை வாயைக் காட்டிச் சிரித்தாள்.

"அது... எப்படி..."

"போன வாரம் இவ வாய்லேர்ந்து எடுத்தேன். எனக்கு உசிரே போயிடுச்சு! அப்புறம் பாத்தா, நமக்குத் தெரிஞ்ச சாமான். கழுவித் துடைச்சு உங்க பையிலயே போட்டு வச்சேன். இன்னிக்கும் இவதான் உருவினா, வாங்கி மாட்டிட்டேன்."

"எங்கே மாட்டணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அத்தனை நாள் லைட்டு யாருங்க பிடிச்சா? வெளிச்சம் உங்களுக்கு மட்டுமா தெரிஞ்சது?"

ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிற மனிதருக்கு இது மட்டும் கண்ணில் படவில்லை. ஒரு கையால் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார். "விக்காதே. நான் தெரியாம சொல்லிட்டேன். எனக்கு இது வேணும்மா."

"இதை ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றாள் அவள். குரல் சட்டென்று தணிந்தது. "விக்கறதா யார் சொன்னா? எனக்கும் வேணும்."

"அப்போ இந்த அம்மா?"

"டிரைவிங் ஸ்கூல் டீச்சர். இன்னிக்கு முதல் கிளாஸ், ஏரிக்கரை வரைக்கும். இனிமே தினமும் காலைல."

டீச்சர் பக்கத்து சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். கூரை முன்பே மடங்கியிருந்தது. மனைவி பின்னலைத் தானே அவிழ்த்துவிட்டுக்கொண்டாள். வண்டி ஒரு குலுக்கல் குலுங்கி கேட்டைத் தாண்டியது. கண்ணாடிக்கடைக்காரர் மகளை அணைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

"நானும் வரேன்மா!"

அவள் திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் முடி. வாய்விட்டுச் சிரித்தாள், ஏரிக்கரையில் சிரித்த அதே சிரிப்பு.

"ரெண்டே சீட்டுங்க! குடும்பஸ்தனுக்கு ஆகவே ஆகாது!"