யோகாவின் பாட்னர் ஆற்ற பிள்ளை?

கிரவீன், சிட்னி
ஆவணி 2008

அன்பும் மதிப்பும் நிறைந்த பவளம் அக்காவுக்கு,

தம்பி அரியரத்தினம் மிக்க பணிவோடு எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால் வலி தணிந்து, ஸ்காபுரோவில் வெயில் எறித்து, அத்தான் புதுக்காரை எங்கும் இடிக்காமல் ஓட்டிவர வேண்டுகிறேன். இங்கே உங்கள் மச்சாள் இரஞ்சிதம் சுகம். எனக்குத்தான் சாப்பாடு இறங்குவதில்லை. இரண்டாம்தரம் கேட்டால் மட்டும் கொஞ்சம் சாப்பிடுகிறேன்.

எங்கள் மகள் யோகாவை வட துருவம் முழுவதற்கும் பொறுப்பாகக் கனடா அரசாங்கம் நியமித்திருப்பது நீங்கள் அறிந்ததே. (ஒரு கிராமத்துக்கு எஞ்சினியர், அவ்வளவுதான் என்று இரஞ்சிதம் பின்னால் நின்று சொல்லுகிறாள். அவளுக்கு உத்தியோக விடயம் விளங்காது.) காலங்காலமாக உறைந்து கிடந்த அந்த நிலம் இப்ப சூடு கூடி இளகுதாம், வீடுகள் ஒரு பக்கம் சரியுதாம், கடல் கரையைத் தின்னுதாம். அரசாங்கமும் அந்த ஊர்ப் பூர்வகுடி இனுயிற் சனமும் சேர்ந்து, ஊரை மேட்டுக்கு மாத்துறதோ, வீடுகளுக்கு வேற கால் போடுறதோ எண்டு ஒப்பந்தம் எழுதப் போகினம். முந்தி வந்த அதிகாரிமார் படத்தை விரிச்சுக் காட்டிப்போட்டுச் சனத்திட்ட ஒண்டும் கேளாமல் பிளேன் ஏறினதால சனம் இன்னும் ஓம் சொல்லேல்லையாம். குளிருக்கு முன்னம் கையெழுத்து விழாட்டில் வேலை ஒரு வருசம் பிந்திப் போகுமாம், கரையோர வீடுகள் தாங்காதாம். இதுக்கு நடுவில எங்கட பிள்ளை!

போன ஞாயிறு ரெலிபோனில, "அப்பா, பாட்னரைக் கேக்காமல் நான் ஒண்டும் செய்ய ஏலாது" எண்டாள். "ஆர் பிள்ளை அது?" எண்டு கேட்டன். "இனுயிற் பாட்னர்தான், வெரி நைஸ் பீப்பிள்" எண்டதோட லைன் கட். அக்கா, இருந்த கதிரையோட நான் ஆடிப்போனன். வென்ட்வேர்த்வில் கடைக்காரன் சிறியிட்ட மெதுவா விசாரிச்சன். அவன் கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டே, "அண்ணை, இந்த நாட்டில பாட்னர் எண்டால் தாலி கட்டாத புருசன். மருமகன் வரேக்க நல்ல மீன் கொண்டு வருவார், எனக்கும் ரெண்டு துண்டு" எண்டான். கடை முழுக்கச் சிரிச்சுது.

நான் முற்போக்கானவன், உங்களுக்குத் தெரியும். மகளை ஆரும் கட்டட்டும். ஆனால் ஆர் எவர் எண்டு கேக்காமல் விடுறதோ? உடன அந்த ஊர்ச் சபையின்ர விலாசத்தைக் கொம்பியூட்டரில பிடிச்சு, லோயர்மாரும் எழும்பி நிக்கிற மாதிரி ஒரு இங்கிலிசில ஈமெயில் அடிச்சன். "என்ர மகளின்ர பாட்னர் ஆற்ற பிள்ளை, தாய் எந்த ஊர், தகப்பன் என்ன தொழில், சகோதரங்கள் எப்படி, காணி இருந்தால் உறுதிப் பத்திரம் இருக்கோ, முழு விபரமும் அனுப்பவும்" எண்டு. பதில் இல்லை. யோகாவும் ரெலிபோனை எடுக்கிறாள் இல்லை. "உங்கட ஈமெயிலால அந்தச் சனம் கோவிச்சுக் கையெழுத்து விழாமல் போனால், சரியிற வீட்டுக்கெல்லாம் நீங்கள்தான் பொறுப்பு" எண்டு இரஞ்சிதம் சொன்னதில இருந்து எனக்கு நித்திரையே இல்லை.

நீங்களும் கனடாதானே அக்கா. வரைபடத்தில பாத்தன், ஸ்காபுரோவுக்கு நேர மேல. அத்தானை விடியக் காரை எடுக்கச் சொல்லுங்கோ, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். வெறுங்கையோட போகாதேங்கோ, பயத்தம் பணியாரம் கொஞ்சம் சுட்டுக் கொண்டுபோங்கோ. இளகின நிலத்தில காரை நிப்பாட்ட வேண்டாம்.

கடவுள் உங்களுக்கும் அத்தானுக்கும் கார் எஞ்சினுக்கும் துணை நிற்பாராக.

இப்படிக்கு,
கலங்கிய மனத்துடன்,
தம்பி அரியரத்தினம்

பி.கு.: காரை எடுக்காதேங்கோ! கடிதத்தை ஒட்ட முதல் யோகா ரெலிபோன் எடுத்திட்டாள். பாட்னர் எண்டது ஊர்ச் சபை முழுக்கவாம். அரசாங்கத்தோட சேர்ந்து வேலை செய்யிறதுக்கு அப்பிடித்தான் பேராம். என்ர ஈமெயிலைச் சபைத் தலைவி கூட்டத்தில சத்தமா வாசிச்சிருக்கிறா. யோகா மேசைக்குக் கீழ இடம் தேடினாளாம். தலைவி, "வந்தவை எல்லாரும் ஐஸின்ர தடிப்பைத்தான் கேட்டவை. நாங்கள் ஆற்ற பிள்ளையள் எண்டு கேட்டது இந்த மனுசன்தான்" எண்டாவாம். பிறகு ஒவ்வொருத்தரா எழும்பித் தாய் தகப்பன் பேர் சொல்லத் தொடங்கி, சாப்பாட்டு நேரம் தாண்டியும் முடியேல்லையாம். கையெழுத்துப் போடுவினமாம். ஆனால் பாட்னர் எண்டால் ரெண்டு பக்கமும் விபரம் சொல்லவேணுமாம், எங்கட பக்கத்தையும் கேட்டிருக்கினம். அனுப்பிப்போட்டன். எங்கட அப்பாவை ஸ்டேஷன் மாஸ்டர் எண்டு எழுதியிருக்கிறன். விசாரிக்க உங்களுக்கும் ரெலிபோன் எடுப்பினம் போல கிடக்கு. ரெயில் கடவையில கேற் மூடினவர் எண்டு வாய் தவறிச் சொல்லிப்போடாதேங்கோ அக்கா.