பிரேக்கை மிதிக்க மச்சான் வேண்டும்

காற்றை நம்பாத மனிதர் ஒருவர் கடற்கரை ஊரில் குடியிருந்தார் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். தூத்துக்குடியில் இருந்தார். கார்களுக்கு பிரேக் பார்ப்பது அவர் தொழில். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்னவோ, ஊர் முழுக்க அவரைக் குமிழி அண்ணாச்சி என்றுதான் அறியும். பிரேக் குழாய்க்குள் கடுகளவு காற்றுக் குமிழி புகுந்திருந்தாலும், நாலு தெருவுக்கு அப்பால் வண்டி வரும்போதே கண்டுபிடித்துவிடுவார் என்பார்கள். இதில் கொஞ்சம் மிகை உண்டு. என் கணக்கில் இரண்டு தெரு.

காற்றின் மேல் அவருக்கு அப்படியொரு பகை. கொட்டகையில் ஃபேன் கிடையாது. கலர் சோடா வாங்கினால் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, குமிழியெல்லாம் அடங்கும்வரை அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு வெறும் இனிப்புத் தண்ணீராக அதைக் குடிப்பார்.

"காத்துக்குன்னு ஒரு எடம் இருக்குவே. அங்கன இருந்தா சரி. இருக்கக்கூடாத எடத்துல வந்து உக்காந்துச்சுன்னா ஆளக் கொல்லும்" என்பார்.

உப்பளத்துக்குப் போகும் சாலையில் இருந்தது அவர் கொட்டகை. மதிய வெயிலில் அங்கிருந்து பார்த்தால் உப்புக் குவியல்கள் தரையில் நிற்காமல் மிதந்துகொண்டிருக்கும். அங்கே போனால் நமக்கே கண் சொருகும், வந்த வேலை மறந்துபோகும். பெடல் சரியில்லை என்று யாராவது வந்தால், அவர் டிரைவர் சீட்டில் ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை வெறுங்காலாகப் பெடலில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அமுக்குவார், விடுவார், மறுபடி அமுக்கி அப்படியே வைத்திருப்பார். ஐந்து நிமிடம் ஆகும், பத்து நிமிடம் ஆகும். ஒருமுறை குறட்டையே கேட்டது. கார்க்காரர் தோளைத் தொட்டதும் கண்ணைத் திறக்காமலே, "பிரேக்கு சொல்லுதத கேட்டுட்டிருந்தேன், கெடுத்துட்டீரே" என்றார்.

இத்தனைக்கும் அவர் கார் ஓட்டியதே இல்லை. இடது முட்டி மடங்காது, கிளட்ச் மிதிக்க முடியாது. பிறர் ஓட்டும் காரிலும் ஏற மாட்டார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. வாடிக்கையாளர்களைப் பாடாய்ப் படுத்தியது அவருடைய மச்சான் சட்டம்தான்.

குழாயில் காற்று இருந்தால் பிரேக் பெடல் பஞ்சுபோல் அமுங்கும். அந்தக் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சக்கரத்தருகே படுத்து, சின்னத் திருகாணி ஒன்றைத் திறந்து காற்றை வெளியே விட்டு மூடுவார். மூடுவதற்குள் மேலே இருப்பவர் காலை எடுத்துவிட்டால் போன காற்று திரும்பி வந்துவிடும். மற்ற மெக்கானிக்குகள் கையில் கிடைத்தவரை ஏற்றி மிதிக்கச் சொல்வார்கள். குமிழி அண்ணாச்சி மட்டும் வண்டிக்காரரின் மச்சானை, அதாவது மனைவியின் கூடப்பிறந்தவனைக் கேட்பார்.

பிரேக் தொழிலுக்கு வருமுன் அவர் கடலில் சங்கு குளித்தவர். அடியில் இருப்பவருக்குக் காற்றுப் போகும் டியூபைப் படகில் இருந்து மச்சான் பிடிப்பதுதான் அவர்கள் வழக்கம். "மத்தவன் அசந்துருவான். மச்சான் அசருவானா? கூடப்பொறந்தவளோட தாலிதான தண்ணிக்குள்ள கெடக்கு!" என்பார்.

கல்யாணமாகாத வங்கி ஊழியர் ஒருவர் பிரேக் பார்க்க வந்தார். "போயி ஒரு கல்யாணத்தப் பண்ணிட்டு வாங்க. வண்டி இங்கனயே நிக்கட்டும்" என்று அனுப்பிவிட்டார். தை மாதம் அவர் பத்திரிகையோடு வந்தபோது, அண்ணாச்சி பெண்ணின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கூடப்பிறந்தவன் உண்டா என்றுதான் கேட்டார். கோயில் ஃபாதர் ஜீப்போடு வந்தபோதுதான் சட்டம் திண்டாடியது. ஃபாதருக்கு ஏது மச்சான்? ஒரு பகல் முழுக்க யோசித்து, "ஃபாதரு கோயிலக் கட்டிக்கிட்டவரு. அப்ப கோயில்பிள்ளை அவருக்கு மச்சான் மொற" என்று தீர்ப்புச் சொன்னார். கோயில் மணி அடிக்கும் கோயில்பிள்ளை அன்று ஓடி வந்து பெடலை மிதித்தார். ஃபாதர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார்.

மற்றவர்கள் கதை என்பதால் நானும் சிரித்தேன். என் முறை வந்தபோது சிரிப்பு வரவில்லை.

துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிளியரிங் அலுவலகத்தில் எனக்கு வேலை. இரண்டு பேர் ஓட்டி அலுத்த பழைய கார் ஒன்றை வாங்கினேன். என் மனைவி பாக்கியத்தின் தம்பி சுடலை சாகுபுரத்தில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறான். காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "அத்தான், பெடல் பஞ்சு மாதிரி உள்ள போவுது. பாத்துக்கிடுங்க" என்றான். சொந்தக்காரர்கள் எல்லாம் விருந்துக்குக் கூடியிருந்தார்கள். "அண்டா குண்டா எண்ணுதவனுக்குக் காரப் பத்தி என்னல தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். சுடலை பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு போனான். மூன்று மாதம் பேச்சு வார்த்தை இல்லை.

மகளுக்குத் திருச்செந்தூரில் காது குத்த வெள்ளிக்கிழமை நாள் குறித்திருந்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். "எந்தம்பி மடி இல்லாம எம்புள்ள காதுல ஊசி படாது. அவன நீங்கதான் கூப்பிடணும்" என்று பாக்கியம் சொல்லிவிட்டாள். நானா, அவனையா என்று நான் முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

செவ்வாய்க்கிழமை துறைமுகச் சாலையில் முன்னால் போன உப்பு லாரி நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். கால் பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. லாரியின் பின்னால் எழுதியிருந்த 'ஒலி எழுப்பவும்' பெரிதாகிக்கொண்டே வந்தது. பதறிப்போய் நாலைந்து தடவை மிதித்த பிறகு ஒரு சாண் தூரத்தில் வண்டி நின்றது. அங்கிருந்து உருட்டாத குறையாகக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன்.

குமிழி அண்ணாச்சி பெடலில் காலை வைத்துக் கண்ணை மூடினார். "மிதிக்க மிதிக்க மேல வருது. காத்துதான்" என்றார். பிறகு இடது பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே இருந்த சிலிண்டர் ஆயிலைக் கசியவிட்டிருந்தது. அதை மாற்றிவிட்டுக் கையைத் துடைத்தார்.

"மச்சான் எங்கன?"

"அண்ணாச்சி, இந்த ஒரு தடவ நானே மிதிக்கேனே."

"உமக்கு நீரே டியூப்பு புடிப்பீரோ?"

மிதக்கும் உப்புக் குவியல்களைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். பிறகு போனை எடுத்தேன்.

"அத்தான்?" என்றான் சுடலை பயந்துபோய். "அக்காவுக்கு என்ன?"

"அக்காவுக்கு ஒண்ணுமில்ல. பிரேக்குதான்."

"பஞ்சு மாதிரி இருக்கா?"

"ம்."

அவன் சிரித்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "வாரேன்" என்று மட்டும் சொன்னான்.

ஒரு மணி நேரத்தில் பைக்கில் வந்து, என் முகத்தைப் பார்க்காமல் டிரைவர் சீட்டில் ஏறினான். அண்ணாச்சி விறைத்த காலை நீட்டிச் சக்கரத்தருகே படுத்தார். திருகாணியில் மாட்டிய டியூபின் மறுமுனையை ஆயில் ஊற்றிய ஊறுகாய் பாட்டிலுக்குள் விட்டு, பாட்டிலை என் கையில் கொடுத்தார்.

"மிதி... மிதி... மிதி... புடி!"

"புடிச்சிட்டேன்" என்றான் சுடலை.

அவர் திருகாணியைத் திறந்தார். கருப்பட்டிக் காப்பி நிறத்தில் பழைய ஆயில் வந்தது. அதற்குள்ளிருந்து குமிழிகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டு, பாட்டிலில் வெயில் பட்டு மின்னி, மெல்ல மேலே ஏறின. அண்ணாச்சி படுத்தபடியே வாயைத் திறந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாரான் பாரு. அவசரப்படாம வாரான். இப்படித்தான் வரணும்."

உள்ளே இருந்தவனுக்கு எதுவும் தெரியவில்லை. "வாரானா அத்தான்?" என்று கேட்டான்.

"வாரான்ல" என்றேன். மூன்று மாதத்தில் நேருக்கு நேர் நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

மத்தியானம் முழுக்க அப்படியே போயிற்று. மிதி, புடி, வாரானா, வாரான். கடைசிச் சக்கரத்தில் நான்தான் கேட்டேன்: "அண்ணாச்சி, உங்க முட்டிக்கு என்ன ஆச்சு?"

"கடல்ல இருந்து அவசரமா மேல வந்துட்டேன் தம்பி. அப்படி வந்தா ரத்தத்துல குமிழி உண்டாவும். எனக்கு முட்டியில போயி உக்காந்துட்டான். இவன எடுக்கத்தான் திருகாணி இல்ல."

"ஏன் அவசரமா வந்தீங்க?"

"டியூப்பு மடங்கிட்டு, மூச்சு நின்னுபோச்சு. அன்னைக்கு மேல புடிச்சிட்டிருந்தவன் பீடி பத்த வைக்கப் போயிட்டான்."

"உங்க மச்சானா?"

"மச்சான்னா போவானா? அவங்கூட எனக்குச் சண்டை. அதான் கூலிக்கு ஆளு புடிச்சேன்."

"எதுக்குச் சண்டை?"

அண்ணாச்சி ரொம்ப நேரம் யோசித்தார். "மறந்துபோச்சு தம்பி. முட்டிக்குத்தான் ஞாபகம் இருக்கு."

பாட்டிலில் குமிழி நின்றிருந்தது. பிறகு பெடலில் இருந்து காலை எடுக்காமலே சுடலை கேட்டான்: "அத்தான், வெள்ளிக்கிழம எத்தன மணிக்குக் கெளம்பணும்?"

"அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுல" என்றேன். "அத விடுங்க. காலு மரத்துப்போச்சு, எடுக்கட்டுமா வேண்டாமா?" என்றான். அண்ணாச்சி திருகாணியை இறுக்கிவிட்டுத் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை அவரையும் கூப்பிட்டோம். காரில் ஏற மாட்டார் என்று தெரியும், மரியாதைக்குக் கூப்பிட்டதுதான். வெள்ளை வேட்டி கட்டி, செருப்பைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து எங்களை அசத்திவிட்டார். வழியெல்லாம் நான் பிரேக் போடும்போது, அவரும் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் தரையை அழுத்தி மிதித்தார். பாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திருச்செந்தூரில் மாமன் மடியில் உட்கார்ந்து என் மகள் போட்ட அலறலுக்குக் கூட்டமே திரும்பிப் பார்த்தது. சுடலை கண்ணிலும் தண்ணீர். அண்ணாச்சி பிள்ளையை விட்டுவிட்டு அவனுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். இங்கே பிரேக்கில் காற்றெடுக்க மெஷின் வைத்திருக்கிறார்கள், யார் மச்சானும் தேவையில்லை. ஆனாலும் அந்தப் பழைய காரை சர்வீஸுக்கு விடும் நாளில் சுடலைக்கு ஒரு போன் போடாமல் இருப்பதில்லை. பின்சீட்டுக் கால்மிதியில் கறுப்பு ஆயிலில் பதிந்த வெறுங்கால் தடம் ஒன்று இருக்கிறது. தேய்த்துக் கழுவித் தருகிறோம் என்று அங்கே ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். அந்தக் கால்மிதியை மட்டும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் நான் வண்டியை விடுகிறேன்.