முற்றத்தை மூன்றாக்கிய வளங்காணி

மனிதர்களில் வளங்காணி என்றொரு இனம் உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். நீங்கள் வழுக்கி விழுந்த இடத்தைப் பார்த்து, "இயற்கையான சறுக்குத் தளம்" என்று சொல்கிறவர் எவரோ, அவர்தான். மழையில் பாதை சேறானால் இவருக்கு அது மண் குளியலுக்கு ஏற்ற பகுதி. மின்சாரம் போனால் நட்சத்திரம் பார்க்க உகந்த கிராமம். நீங்கள் வேலை வெட்டி இல்லாமல் குந்தியிருந்தால், "தயார் நிலையில் உள்ள தொழிலாளர் வளம்" என்று உங்களையும் ஒரு வரியில் சேர்த்துவிடுவார். உள்ளதை உள்ளபடி சொல்வது மட்டும் இவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது.

ஜாவாவின் மலையூரான எங்கள் கெமிரிசாரியின் வளங்காணி, கிராம அலுவலகச் செயலர் பாக் சுதிக்னோ. பாக் என்றால் எங்கள் ஊரில் ஐயா. காலையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு புறப்படுவார். நாலடி நடப்பார், நிற்பார், கண்ணைச் சுருக்குவார், கைபேசியைக் குறுக்காகப் பிடிப்பார், நாம் மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருக்க, "ம்ம்... இதுல வளம் இருக்கு" என்று ஒரு தீர்ப்பு வழங்குவார். பக்கத்து வீட்டு வாகிரினின் ஆட்டுக் கொட்டகை ஒரு பக்கம் சாய்ந்தபோதும் இதே தீர்ப்புதான்.

"பாரம்பரியக் கட்டடக் கலை, வாகிரின். இடிச்சுடாத."

"நான் எங்க பாக் இடிக்கறது, அதுவே இடிஞ்சுக்கிட்டிருக்கு. உள்ள போயி நின்னு ரசிக்கறீங்களா?"

வளங்காணியைக் கேலி செய்யலாம், புண்படுத்த முடியாது. அவர் கேலியையும் "நகைச்சுவை உணர்வு மிக்க மக்கள்" என்று குறித்துக்கொண்டு போய்விடுவார்.

இப்படிப்பட்டவரிடம் போய், வட்டார அலுவலகம், முதலீட்டாளர்களுக்காக ஊரைப் பற்றி ஓர் அறிமுகம் எழுதித் தரச் சொன்னால் என்ன ஆகும்? ஆடத் தெரிந்தவளுக்கு அரங்கமும் கட்டிக்கொடுத்த கதைதான். "கெமிரிசாரி: உறங்கும் தங்கம்" என்று தலைப்பு வைத்தார். ஊருக்குப் பேருந்து கிடையாது என்பதை "வாகனப் புகை அறியாத காற்று" என்றார். நான்கு பக்கமும் மலை மறைப்பதை "எத்திசையிலும் காட்சி" என்றார். மோட்டார் சைக்கிள்காரன் வழியில் நிறுத்தி என்ஜினை ஆற வைத்துத்தான் ஏறி வருவான். அதற்கு "இடையிடையே ஓய்விடங்கள்" என்று பெயர். எல்லாவற்றையும் விடப் பெரிய வேடிக்கை, இதில் ஒரு வரியைக்கூட அவர் பொய்யென்று நினைக்கவில்லை. ஊர்மேல் அவருக்கு அவ்வளவு ஆசை. முதலீட்டாளர் வந்தால் தார்ச் சாலை வரும், சாலை வந்தால் கிராம்பு மூட்டையை முதுகில் சுமந்து மலையிறங்க வேண்டாம். அதுதான் அவர் கணக்கு.

ஒரே சிக்கல், சமதளம். முதலீட்டாளருக்குச் சமதளம் வேண்டும். கெமிரிசாரியிலோ மேட்டில் நழுவவிட்ட தேங்காயை அடுத்த ஊரில் போய்த்தான் எடுக்க வேண்டும். ஊருக்கே ஒரு சமதளம்தான் உண்டு. அது சுதிக்னோவின் வீட்டு முற்றம். அவர் மனைவி லஸ்மினி கிராம்பும் மரவள்ளி அப்பளமும் காயவைப்பது அங்கே. மற்ற வீடுகளின் கிராம்பு காய்வதும் அங்கே. சுதிக்னோ என்ன செய்தார்? முற்றத்தைக் கிழக்கிலிருந்து ஒரு படம் எடுத்துக் "காலி மனை" என்று போட்டார். மேற்கிலிருந்து எடுத்ததை "விளையாட்டுத் திடல்" என்றார். கொய்யா மரத்தில் ஏறி ஒன்று எடுத்து "திருவிழா மைதானம்" என்றார். பிறகு மரத்திலிருந்து இறங்க முடியாமல் வாகிரினைக் கூப்பிட்டார்.

இதெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள் என்றுதான் நாங்களும் இருந்தோம். ஒருவர் படித்துவிட்டார். ஜகார்த்தாவில் தங்கும் விடுதிகள் கட்டுகிற பாக் தம்புனான், "மூணு இடத்தையும் நாளைக்கே பாக்கறேன்" என்று போன் செய்தார். அன்றைக்குத்தான் லஸ்மினி அந்த அறிமுகத்தை முதன்முதலாகப் பார்த்தாள்.

"ஏங்க, இந்தக் கொடியில தொங்கறது என் பாவாடை மாதிரி இல்ல?"

"அது வரவேற்புத் தோரணம்னு எழுதியிருக்கேன்."

"காலி மனைன்னு வேற போட்டிருக்கு. நாளைக்கு அந்த ஆளு வந்து விடுதி கட்டிட்டா நான் எங்க போயி கிராம்பு காயவைக்கறது, உங்க தலையிலயா?"

சுதிக்னோ தன் வழுக்கையைத் தடவிப் பார்த்தார். அவர் அதிலும் வளம் கண்டுவிடுவாரோ என்று பயந்து லஸ்மினி முந்திக்கொண்டாள்.

"முத்தம் போச்சுன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். நீங்க உங்க வளத்தக் கட்டிக்கிட்டு அழுங்க."

வராதே என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். விருந்தாளியிடம் "இல்லை" என்று சொல்ல எங்கள் ஜாவா வாய்க்குப் பழக்கமில்லை. ஆகவே சுதிக்னோ ஒரு திட்டம் போட்டார். மூன்று இடத்தையும் காட்டுவது, ஆனால் மூன்றிலும் கால் வைக்க இடமில்லாதபடி காட்டுவது. மேல் பாதையாகக் கூட்டிவந்தால் முற்றம் முழுக்கக் கிராம்பு. மூங்கில் தோப்பு வழியாகச் சுற்றிவந்தால் அதே முற்றத்தில் கைப்பந்து ஆட்டம். ஓடைப் பக்கமாக ஏறிவந்தால் மூங்கில் குதிரை ஆட்டம். இத்தனை நடமாட்டமுள்ள இடங்கள் வேண்டாமென்று அவராகவே போய்விடுவார். ஊரே ஒப்புக்கொண்டது. வாகிரின் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டான்.

"கிராம்ப அள்ளி வலை கட்றதுக்கு நேரம் வேணாமா பாக்?"

"அவர மெதுவா நடக்க வைக்கறேன்."

அந்தக் கவலையே தேவைப்படவில்லை. எங்கள் ஊரில் யாராவது வீட்டைக் கடந்து போனால், "வாங்க, வந்துட்டுப் போங்க" என்று கூப்பிடுவோம். போகிறவர், "ஆகட்டும், இன்னொரு நாளைக்கு" என்று சொல்லிக்கொண்டே போய்விடுவார். கூப்பிடாவிட்டால் அவர் மனம் கோணும், நிஜமாகவே உள்ளே நுழைந்துவிட்டால் நாம் பிழைப்பதெப்படி? தம்புனானோ கடல் தாண்டி, சுமத்ராவின் மேதானில் பிறந்து வளர்ந்தவர். அங்கே கூப்பிட்டால் வருவார்கள். வாகிரினின் மனைவி பழக்க தோஷத்தில், "வாங்க பாக், வந்துட்டுப் போங்க" என்றாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.

ஊர் திகைத்துவிட்டது. வாகிரினின் மனைவி பொரித்த சோயா டெம்பேயும் சர்க்கரை தாராளமாய்ப் போட்ட தேநீரும் வைத்தாள். அடுத்த வீட்டுக்காரிக்கு விஷயம் எட்டுவதற்குள் அவள் வாயும் கூப்பிட்டுவிட்டது. அங்கே வாழைப்பழ வறுவல். அதற்கடுத்த வீட்டில் சோறே போட்டார்கள். ஜன்னலைச் சாத்தினால் மரியாதைக் குறைவு, திறந்திருந்தால் வாய் தானாகக் கூப்பிடும். நாங்கள் என்ன செய்ய? அவர் ஒவ்வொரு வீட்டிலும் சாப்பிட்டு எழுவதற்குள் முற்றத்தில் கிராம்பு போய் வலை வந்தது, வலை போய்க் குதிரை வந்தது. கைப்பந்து ஆடியவர்களே தாவிப்போய்க் குதிரையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டார்கள். பறை கொட்டுகிறவர் கிடைக்காததால் ஒருவர் எண்ணெய் டின்னைத் தட்டினார்.

மூன்றாம் முறை முற்றத்துக்கு வந்தபோது தம்புனானால் நிற்க முடியவில்லை. இடுப்புவாரைத் தளர்த்திக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தார்.

"பாக் சுதிக்னோ, உங்க ஊரு அருமை. காலி மனை பாத்தேன், தொழில் நடக்குது. திடல் பாத்தேன், ஆட்டம் நடக்குது. மைதானத்துல திருவிழாவே நடக்குது. எங்க போனாலும் சனம். விடுதிக்கு இதவிட என்ன வேணும்? மூணையும் எடுத்துக்கறேன்."

டின் சத்தம் நின்றது. வாகிரின் குதிரையோடு அப்படியே நின்றான். சுதிக்னோவின் வாய் திறந்தது. அதிலிருந்து பழக்கத்தின்படி, "ரொம்ப நல்லது பாக்" என்று வந்தது.

லஸ்மினி தோளில் கிடந்த துண்டை உதறி மடித்தாள். பிறகு வீட்டுக்குள் போய்த் துணிப்பையோடு வெளியே வந்து, விருந்தாளிக்கு எதிரே நின்றாள்.

"பாக், நீங்க பாத்தது மூணு இடம் இல்ல. ஒரே இடம்தான். எங்க வீட்டு முத்தம். இவரு எழுத்துல காலின்னு இருக்கு. இவரு கண்ணுக்கு நானும் அப்படித்தான் போலிருக்கு."

தம்புனான் சுதிக்னோவைப் பார்த்தார். "அறிமுகத்துல காலின்னு இருக்கு, அம்மா இல்லங்கறாங்க. எது நெசம்?"

பாவம் சுதிக்னோ. துணிப்பையைப் பார்த்தார். லஸ்மினியின் தோளைப் பார்த்தார். மூட்டை சுமந்து சுமந்து ஒரு பக்கம் இறங்கியிருந்த தோள். அதற்காகத்தானே இவ்வளவும் எழுதினார். அழகான சொல் ஒன்றைத் தேடி அவர் உதடு அசைவது எங்களுக்கே தெரிந்தது. ஒன்றும் அகப்படவில்லை.

"காலி இல்ல பாக்," என்றார். "என் பொண்டாட்டி இருக்கா. தர முடியாது."

விருந்தாளியிடம் ஒருவர் முடியாதென்று சொன்னதை எங்கள் ஊர் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டது. வாகிரின் கையிலிருந்து குதிரை நழுவியது. தம்புனான் மெல்ல எழுந்தார்.

"இத மொத வீட்லயே சொல்லியிருந்தா நான் இவ்வளவு தின்னிருக்க மாட்டேன்ல," என்றார்.

அவர் மலையிறங்கும்போது, மறுபடி கூப்பிட்டுத் தொலைத்துவிடக் கூடாதென்று ஊரே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

லஸ்மினி பையிலிருந்த துணிகளை எடுத்து மீண்டும் கொடியில் போட்டாள். மறுநாள் சுதிக்னோ "காலி மனை" என்பதை அவள் கண்ணெதிரே கோடு போட்டு அடித்தார். அடித்த கை சும்மா இருந்ததா? "உண்மையை முகத்துக்கு நேரே உரைக்கும் மகளிர், ஏராளம்" என்று அந்த இடத்தில் எழுதிவிட்டது. வளங்காணிக்கு மருந்து கிடையாது.

சிரிக்கிறீர்கள். சரி. வாடகைக்கு விட்ட அறைக்கு ஜன்னல் இல்லாததை "குளிர்ச்சியான அறை" என்று எழுதியது யார்? மூன்று வருஷமாக வேலை தேடாத மகனை "குடும்பப் பற்று மிக்கவன்" என்று பெண் வீட்டாரிடம் சொன்னது யார்? போகட்டும், அதைக்கூட விட்டுவிடலாம். உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் நாளெல்லாம் நின்று வேலை செய்கிற இடம் ஒன்று இருக்கும். அதைப் பார்த்து, "சும்மாதானே கிடக்கு" என்று கடைசியாக எப்போது சொன்னீர்கள்? மெதுவாக யோசியுங்கள். அதற்கு முன்னால், துணிப்பை இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று மட்டும் எட்டிப் பார்த்துவிடுங்கள்.