இடது பக்கத்து முன் டயர்

"ஏ வாசிம், இதைப் பாரும்! டயரா இது? எலி கரண்டுன தேங்கா மாதிரி இருக்குவே!"

மருதப்பன் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைச் சுற்றிச் சுற்றி வந்து குதித்தார். அலைன்மெண்ட் கடைக்காரன் வாசிம் குனிந்து பார்த்தான். இடது பக்கத்து முன் டயரின் வெளி ஓரம் மட்டும் வழுக்கையாகியிருந்தது.

கோயம்புத்தூரில் யாரோ ஓட்டி அலுத்த ரெண்டு சீட்டு வண்டி அது. வாங்கும்போதே டயர் லேசாக ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. போன வாரம்தான் வாசிம் சக்கரங்களை நேராக்கிக் கொடுத்தான்.

"கம்ப்யூட்டர்ல வச்சுப் பாத்தேன் அண்ணாச்சி. ஒரு நூல் பிசகல."

"அப்ப உம்ம கம்ப்யூட்டருக்குக் கண்ணு தெரியலையோ?"

"வண்டி ரொம்ப தூரம் ஓடுச்சா? மீட்டரு வேற வேலை செய்யல."

"எங்கவே ஓடுது? நான் புளியங்குடி மண்டிக்கு ஜீப்புல போறேன். இது வீட்டுல சும்மா நிக்கு. ஞாயித்துக்கிழமை வாசுதேவநல்லூர் வரைக்கும் ஒரு ஓட்டம், அம்புட்டுதான்."

மருதப்பனின் எலுமிச்சை மண்டி வண்டிகள் அத்தனையும் வாசிமிடம்தான் வந்தன. அவர் முகம் சுளித்தால் கடைக்குப் பூட்டுதான்.

வாசிம் இந்த முறை சக்கரத்தின் சாய்வைக் கொஞ்சம் உள்பக்கம் தள்ளினான். கூடவே வலது டயரை இடதுக்கும் இடதை வலதுக்கும் மாற்றிப் போட்டான். ஒரே வாரம். நன்றாக இருந்த டயரும் வெளி ஓரத்தில் தேய்ந்து வந்து நின்றது. முன்பு ஒரு டயர்தான் பாழ், இப்போது ரெண்டு.

"உம்ம கைராசி ரொம்ப நல்லா இருக்குவே!" என்றார் மருதப்பன்.

மதுரையிலிருந்து புது டயர்கள் வந்தன. வாசிம் ஒரு நாள் முழுக்க வண்டியோடு கட்டிப் புரண்டான். வண்டியை எடுக்க வந்த டிரைவர் சண்முகையா வேறு உயிரை எடுத்தார்.

"சீக்கிரம் விடு தம்பி. அம்மா வண்டி எங்கன்னு கேக்காங்க."

மருதப்பனின் அம்மா கோமதித்தாய்க்கு மூட்டுவலி, வாசல் தாண்டுவதே கஷ்டம். அவருக்கு எதற்கு ஸ்போர்ட்ஸ் கார்? கேட்கும் தெம்பு வாசிமுக்கு இல்லை.

"புது டயரும் தேஞ்சுதுன்னா, உம்ம போர்டை நீரே இறக்கிரும். மண்டி வண்டி பூரா தென்காசிக்குப் போயிரும்" என்று மருதப்பன் சொல்லிவிட்டுப் போனார். 'ஒரு நூல் பிசகாது' என்று எழுதிய போர்டு அது.

வீட்டில் வாசிம் சோற்றுத் தட்டைக்கூடச் சாய்த்துப் பார்த்தான்.

"தட்டு நேராத்தான் இருக்கு, சாப்பிடுங்க" என்றாள் மனைவி ஹஸ்னா பானு. "இன்னைக்கு ரத வீதியைத் தாண்டி வாரதுக்குள்ள பெரும்பாடாப் போச்சு. ஆடிச்சுத்துக் கூட்டம். நூத்தெட்டு, ஆயிரத்தெட்டுன்னு நேந்துக்கிட்டுக் கோயிலைச் சுத்துதாங்க."

வாசிம் காதில் எதுவும் ஏறவில்லை.

அடுத்த வாரம் புது டயரும் பல்லிளித்தது. அதே இடது பக்கம், அதே வெளி ஓரம். கொதித்துப்போன மருதப்பன் ஏணியைக் காட்டினார். வாசிம் அழாத குறையாக ஏறினான். போர்டில் கடைசி ஆணி மிச்சமிருந்தபோது சண்முகையா ஓடி வந்தார்.

"வண்டி ரெடியா தம்பி?" என்றவர், முதலாளியைப் பார்த்ததும் வந்த வழியே நழுவப் பார்த்தார்.

"ஏலே, எனக்குத் தெரியாம வண்டிய எங்க கொண்டு போற?"

"அம்மா யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க அண்ணாச்சி. ஆடி பொறந்ததுல இருந்து, கூட்டம் வாரதுக்கு முன்னாடி, தினமும் விடியக்காலம் கார்ல ஆடிச்சுத்து சுத்துதாங்க. நடக்க ஏலாதுல்லா."

வாசிம் ஏணியிலேயே நெற்றியில் அடித்துக்கொண்டான். கோயிலை வலம் வந்தால் எல்லா முக்கிலும் வலது பக்கமே திரும்ப வேண்டும். வண்டியின் பாரமெல்லாம் இடது முன் டயரின் வெளி ஓரத்தில்தான் விழும்.

"எத்தனை சுத்து?" என்றான் ஈனக்குரலில்.

"மொதல்ல வாரத்துக்கு நூத்தெட்டு. அது பலிக்கலன்னு, நீ ரெண்டாந்தடவ சரிபண்ணி அனுப்புன பொறவு ஐநூத்தொண்ணு ஆக்குனாங்க. புது டயரு போட்ட பொறவு ஆயிரத்தெட்டு."

மருதப்பனுக்கு மூச்சு வாங்கியது. "அப்படி என்னலே வேண்டுதல்?"

சண்முகையா தலையைச் சொறிந்தார்.

"உங்க வண்டி டயர் ஒரு பக்கமாத் தேயக்கூடாதுன்னுதான் அண்ணாச்சி."